மூடியைத் திறப்பதற்கு முன் எடுத்த படம்

1

திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்குள் பேருந்துகள் திரும்புகிற இடத்தில் ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது. அதில் ஒரு பெண் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் அணிந்து, தோளில் தங்க நிறப் பட்டைகளோடு, ஒரு சிறிய விமானத்தின் மூக்கருகே நின்று சிரிக்கிறாள். ஊரில் இருக்கும் உங்களில் பலர் அதைக் கடந்து போயிருப்பீர்கள். அது நான்தான். அந்தப் படத்தைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலகை வைத்தது எனக்குத் தெரியாது. அப்பா சொல்லித்தான் தெரியும். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆண்கள் பலரையும் போல, வருடத்தில் பல மாதங்கள் ஆந்திராவிலோ தெலங்கானாவிலோ யாருடைய நிலத்தையாவது துளைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு எழுத்து தெரியாது. என் முகம் தெரியும்.

"கண்ணு, உன்ற படத்த இத்தாப்பெரிசா போட்டிருக்கறாங்க," என்றார் போனில். "கவர்மெண்ட்டுல போட்டாங்களா?"

"எந்தப் படம்ப்பா?"

"பிளேனோட நிக்கறயே, அது. உங்கம்மாவும் வந்து பாத்துப்போட்டா. டீக்கடைக்காரரு என்னைய அதுக்குக் கீழ நிக்க வெச்சுப் போட்டோ புடிச்சாரு. அனுப்பச் சொல்லட்டா?"

படம் வந்தபோது நான் குகட்பள்ளியில், நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டின் அடுப்படியில், குக்கர் விசிலுக்காகக் காத்திருந்தேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா விறைப்பாக நிற்கிறார். அவர் தலைக்கு மேலே நான். என் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் நான் படித்த கல்லூரியின் பெயர். அதற்கும் கீழே, "உங்கள் மகளும் பறப்பாள்."

அப்பாவால் படிக்க முடியாத வரி அது. என்னால் முடிந்தது. குக்கர் பல முறை கூவியிருக்க வேண்டும்; அறைத்தோழி வந்துதான் அடுப்பை அணைத்தாள்.

அந்தப் படம் எடுக்கும்போது என் கையில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. பலகையில் தட்டு இல்லை. முழங்கைக்குக் கீழே வெட்டிவிட்டார்கள்.

2

ஹைதராபாத்துக்கு வந்து ஆறு வருடங்களாகின்றன. கடல் கடந்து போனவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது, விசா ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்கும் பொருந்துகிறதே என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவிடம் போனில் "அவுனு" என்று சொல்லிவிட்டு, அவள் "என்னது?" என்று கேட்ட பிறகு "ஆமாம்மா" என்று திருத்துகிறேன். ஆட்டோக்காரரிடம் வேண்டாம் என்பதற்கு "நக்கோ பையா" என்று சொல்லும்போது எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஊருக்குப் போனால் காப்பி கசக்கிறது. இங்கே திரும்பினால் புளிச்சகீரையில் காரம் கூடிவிட்டதாகத் தோன்றுகிறது.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டியை எடை போட்டு, அட்டை கொடுத்து அனுப்புகிற கவுண்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுதாக வெளியே வந்த முதல் ஆள் நான். எனவே இதுவே வானத்தில் இருப்பது மாதிரிதான் ஊரில் பேச்சு. நான் அப்படி நினைக்கவில்லை. நான் விமானம் ஓட்டுவதற்காக வந்தவள். இன்னும் அதை விடவில்லை.

போன மாதம் கவுண்டரில் ஒரு வயதான தம்பதி. பொள்ளாச்சிப் பக்கம். மகளைப் பார்க்க வளைகுடாவுக்குப் போகிறார்கள். பக்கத்துக் கவுண்டரில் இருந்த ஊழியர் இந்தியில் கேட்க, அவர்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதையும் கொடுக்காமல் நின்றார்கள். நான் எழுந்து போய், "எந்தூருங்க நீங்க?" என்றேன். அவ்வளவுதான். பாஸ்போர்ட், மாத்திரை டப்பா, மகளின் விலாசம், கடைசியில் அந்த அம்மாளின் கைப்பை வரை மேஜைக்கு வந்துவிட்டது. "நீயே பாத்து எடுத்துக்க சாமி," என்றார் அந்த அம்மாள்.

நான் கேட்டது ஊர்ப் பெயர். அவர்கள் கொடுத்தது கைப்பையை. எங்களுக்கும் இங்கே அப்படித்தான் நடந்தது.

3

பிளஸ் டூ விடுமுறை ஒன்றில் அப்பாவின் ரிக் வண்டியோடு ஹைதராபாத்துக்கு வெளியே தங்கியிருந்தேன். விமானப் பயிற்சி நடக்கும் ஓர் ஓடுதளத்துக்குப் பக்கத்து நிலத்தில் அப்பா போர் போட்டுக்கொண்டிருந்தார். கீழே இயந்திரம் மண்ணைத் துளைக்கும்; மேலே ஒரு சிறிய விமானம் திரும்பத் திரும்ப ஒரே வட்டத்தில் சுற்றி வந்து இறங்கும், மறுபடி ஏறும். இறங்குவது சரியாக வரும் வரை விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று புரிந்தபோது, இது என்னால் முடியும் என்று தோன்றிவிட்டது. இயற்பியலிலும் கணக்கிலும் நான் அப்படித்தான் படித்தேன்.

முடிவுகள் வந்த பிறகு அப்பாவும் நானும் ஒரே நாளில் இரண்டு இடங்களைப் பார்த்தோம்.

முதலாவது தனியார் பறக்கும் பள்ளி. தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு விமானங்கள். ஒன்றைப் பிரித்துப் போட்டு ஒருவர் கீழே படுத்திருந்தார். தரையெல்லாம் எண்ணெய். பயிற்சியாளர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, "மொதட்ட மெடிக்கல் செய்யிஞ்சுகோண்டி. பாஸ் அயித்தே அப்புடு மாட்லாடுதாம்," என்றார். முதலில் உடல் பரிசோதனையை முடியுங்கள், தேறினால் பிறகு பேசலாம் என்று அர்த்தம். எத்தனை மாதத்தில் உரிமம் கிடைக்கும் என்று அப்பா அவருடைய ரிக் தெலுங்கில் கேட்டார். மழை வந்தால் பறக்க மாட்டோம், விமானம் பழுதானால் பறக்க மாட்டோம், சொல்ல முடியாது என்றார் அவர்.

வெளியே வந்ததும் அப்பா செருப்பில் ஒட்டிய எண்ணெயை மண்ணில் தேய்த்தார். "டிரைவிங் ஸ்கூலாட்டமல்ல இருக்குது. நாளைக்கு இழுத்துச் சாத்திப்போட்டா யாரைய கேக்கறது?"

இரண்டாவது கல்லூரி. கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே ஒரு விமானம், வெள்ளை வெளேரென்று, மூக்கை உயர்த்திக்கொண்டு. குளிர்சாதன அறையில் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் பெண் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்ணா, திருச்செங்கோடுங்களா? நான் ராசிபுரமுங்."

அப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். காலையிலிருந்து அது ஏறியே இருந்தது.

"ஊர்ல மழ உண்டுங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண், சுகந்தி அக்கா. தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைக் காட்டி, "பிளேன் ஓட்டற புள்ளைக்கு மாப்ள பாக்கறது செரமமுங்ணா. மேல ஏறிப் போயித்தான் தேடோணும்," என்றார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஓர் அலுவலகத்துக்குள் அப்பா சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்பா கேட்டவை: விடுதி பத்திரமா, சோறு எப்படி, பண்டிகைக்கு ஊருக்கு விடுவார்களா. அக்கா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பறக்கும் பயிற்சியுடன் கூடிய பட்டப்படிப்பு என்று அச்சடித்த தாளை என்னிடம் கொடுத்து, "எல்லாம் இதுலயே இருக்குது, படிச்சுப் பாரு அம்மிணி," என்றார். பட்டப்படிப்பு என்பதால் வங்கியும் கடன் கொடுக்கும், கொட்டகைக்குக் கொடுக்காது. அப்பா அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

"பொழைக்க வந்த எடத்துல நம்ம பேச்சு பேசற ஆளு கெடச்சா அது சாமி காட்டுன வழி," என்றார் பேருந்தில்.

4

சுகந்தி அக்கா எனக்குச் செய்ததை மறைக்க மாட்டேன். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத முதல் மாதத்திலேயே, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிம்பருப்புச் சோறு. மேலே நெய், பக்கத்தில் அப்பளம். எனக்கு டெங்கு வந்தபோது ஒரு வாரம் அவர் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தேன்.

அவர் மகள் மித்ராவுக்கு அப்போது நான்கு வயது. தமிழில் கேட்டால் புரியும். பதில் தெலுங்கில் வரும், கோபம் வந்தால் இந்தியில். "சாப்பிடறயா?" என்றால், "நக்கோ." "ஏன்?" என்றால், "ஆக்கலி லேது." பசியில்லையாம். அவள் அப்பா மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் அவர் இருக்கும் நேரமும் தமிழ் பேசும் நேரமும் குறைவு. நான் போகும் ஞாயிறுகளில் அவளுக்கு அ, ஆ எழுதப் பழக்கினேன். "நீ வந்தாத்தான் இவ வாயில தமிழு வருது," என்பார் அக்கா. எனக்கு அது பெருமையாக இருந்தது. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் இன்னொருவர் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கல்லூரியில் வகுப்புகள் மோசமில்லை. வானிலை, வழி கணித்தல், விமானச் சட்டங்கள் எல்லாம் நடத்தினார்கள். பறப்பது மட்டும் எப்போதும் அடுத்த பருவத்தில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஓர் அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, விளையாட்டுக் கைப்பிடி போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் எங்கள் தோளில் பட்டை ஏறியது. ஒரு மணி நேரம்கூடத் தரையை விட்டு எழும்பாதவர்களுக்கு மூன்று பட்டை.

ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அக்கா, "கொஞ்சம் பொறு அம்மிணி," என்பார். பொறுத்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் பொறுத்திருக்க மாட்டேன்.

5

மூன்றாம் ஆண்டு ஆயுத பூஜை. இங்கே தசராவுக்கு முன் வண்டி வாகனம் எல்லாவற்றையும் கழுவி மாலை போடுவார்கள். கல்லூரிப் பேருந்துகள், ஜெனரேட்டர், கம்ப்யூட்டர் அறை எல்லாவற்றுக்கும் பூஜை நடந்தது. கடைசியாக வாசலில் இருந்த விமானம். சந்தனமும் குங்குமமும் இருந்த தட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்லூரியின் புகைப்படக்காரர், "ஸ்மைல் அக்கா," என்றார். சிரித்தேன். எப்படியும் ஒருநாள் இதில் ஏறப்போகிறோம் என்று சிரித்த சிரிப்பு அது. பலகையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

மற்றவர்கள் இறக்கையிலும் கதவிலும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரிக் வண்டிகளில் அப்படி வைக்கமாட்டார்கள். அப்பா எவ்வளவு அவசரமானாலும் மூடியைத் திறந்து எஞ்சினில்தான் வைப்பார். சின்ன வயதில் நான் லாரியின் முகப்பில் பெரிய பொட்டாக வைத்தபோது, "தகரத்துக்கு எதுக்குப் பொட்டு? ஓடறதுக்கு வை," என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

எனவே நான் மூக்குப் பக்கம் போனேன். எஞ்சின் எண்ணெய் அளவு பார்ப்பதற்கு மேல்மூடியில் ஒரு சிறிய கதவு உண்டு. பாடத்தில் படம் வரைந்திருக்கிறேன். தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, விரல் நுனியில் குங்குமத்தை எடுத்துக்கொண்டு மறு கையால் அதைத் திறந்தேன்.

உள்ளே வெளிச்சமாக இருந்தது. எஞ்சின் இருக்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கக் கூடாது. குனிந்து பார்த்தால், அந்தக் கதவு வழியாகக் கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. உதிர்ந்த சாமந்திப் பூ தெரிந்தது. என் ஷூ நுனி தெரிந்தது. ஓர் ஓரத்தில் மைனா கட்டிய கூடு.

வாசல் காவலர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இஞ்சன் லேதம்மா. லாரில தீஸ்கொச்சிண்ட்ரு." எஞ்சின் இல்லையம்மா, லாரியில் கொண்டுவந்து வைத்தார்கள். இது தெரியாதா என்கிற மாதிரி சொன்னார். அவருக்கு அது ஒரு ரகசியமே இல்லை.

விரலில் இருந்த குங்குமத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் துடைத்தேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

6

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கேட்டுல நிக்கற பிளேன்ல எஞ்சின் இல்லீங்."

அவர் நிமிரவில்லை. "ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வேலைக்கு வந்த வருசமே தெரியும்."

"பின்ன ஏனுங்க்கா எங்கப்பாகிட்டச் சொல்லல?"

"உங்கப்பா கேட்ட ஒரு கேள்விக்கும் நான் பொய் சொல்லல அம்மிணி. ஹாஸ்டலு பத்திரமான்னாரு. பத்திரந்தான? சோறு எப்படின்னாரு. நல்லாத்தான இருக்குது? பிளேன் பறக்குமான்னு அவரும் கேக்கல, நீயும் கேக்கல."

"பிளேன் பறக்குமான்னு யாராச்சு கேப்பாங்களா?"

"அதையத்தான் நானும் சொல்றேன்."

வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பறக்கற பயிற்சின்னு தாள்ல போட்டிருந்துச்சுங்களே?"

"டிகிரி முடிச்சப்பறம் வெளிய ஒரு ஸ்கூலுக்கு அனுப்பி வெப்பாங்க. அது தனி. பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கும். படிச்சுப் பாருன்னு சொன்னேனா இல்லியா?"

"நீங்க தெலுங்குல பேசியிருந்தா எங்கப்பா நாலு பேரைய விசாரிச்சிருப்பாரு."

அப்போதுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது; வெங்காயமா வேறெதுவுமா என்று நான் யோசிக்க விரும்பவில்லை. "எனக்கும் இந்த ஊர்ல நிக்கறதுக்கு ஒரு எடம் வேணுமல்ல? எனக்கு இங்க தமிழத் தவிர வேற என்ன இருக்குது?"

மித்ரா சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்து, "அக்கா, தினவா?" என்றாள். சாப்பிட மாட்டாயா என்று கேட்கிறாள். இல்லையென்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினேன். அந்த வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. மித்ரா இப்போது தமிழ் எழுதுகிறாளா என்று தெரியாது.

கல்லூரி என்னை ஏமாற்றியதைக் காலப்போக்கில் ஒரு செய்தி மாதிரி சொல்லப் பழகிவிட்டேன். அக்கா செய்ததை அப்படிச் சொல்ல வரவில்லை. அரிசிம்பருப்புச் சோற்றின் வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் முதலில் பசிக்கிறது, பிறகு அவமானமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டவை உங்களுக்குப் பயன்படலாம். வணிக விமானி உரிமத்துக்குப் பட்டம் தேவையில்லை. இயற்பியலும் கணக்கும் படித்த பிளஸ் டூ, உடல் தகுதி, எழுத்துத் தேர்வுகள், அரசு அங்கீகரித்த பள்ளியில் இருநூறு மணி நேரப் பறத்தல், இவைதான் முக்கியம். தேர்வு எழுத அரசின் விமானத் துறை அலுவலகத்தில் ஓர் எண் வாங்க வேண்டும். அதற்கு என் பிளஸ் டூ மதிப்பெண் உண்மைதான் என்று சென்னையிலிருந்து சான்று வர வேண்டும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அதை விரித்து எழுதினால் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை, விரிக்காவிட்டால் கணினி ஏற்கவில்லை. அந்த ஒரு கட்டத்துக்காக அலைந்த அலைச்சலில் பட்டம் வாங்கிய சந்தோஷம் தீர்ந்துபோயிற்று. மூன்று வருடப் பட்டத்தை அந்த அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எல்லாக் கல்லூரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சொந்த விமானங்களை வைத்து ஒழுங்காகப் பறக்க விடும் கல்லூரிகளும் உண்டு. பறக்க முடியாமல் போனால் அந்தப் பட்டம் கைகொடுக்கும், எனக்குக் கவுண்டர் வேலை கொடுத்ததும் அதுதான். தனிப் பள்ளிகளிலும் உதிரிபாகம் வராமல் விமானம் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. வீட்டை அடகு வைத்துவிட்டு வரிசையில் காத்திருக்கும் பையன்களை எனக்குத் தெரியும். நான் இப்போது விடுமுறை நாட்களில் அந்தப் பழைய தகரக் கொட்டகைக்குத்தான் போகிறேன். கையில் பணம் கூடும்போது பறக்கிறேன், கூடாதபோது இறங்கி நிற்கிறேன். பயிற்சியாளர் இன்றுவரை என்னை உட்காரச் சொல்லவில்லை.

7

பலகைக்குத் திரும்புகிறேன். அப்பாவோடு ஒரே ரிக்கில் வேலை செய்யும் குமரேசன் மாமாவின் மகள் கவி இந்த வருடம் பிளஸ் டூ. பலகையைப் பார்த்ததும் விமானம் ஓட்டத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள். மாமா கல்லூரிக்குப் போன் செய்து, வருவதாகச் சொல்லிவிட்டார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

அங்கே வேண்டாம் மாமா, அது பறக்காத விமானம் என்றேன்.

"நீயே படிச்ச காலேஜுதான அம்மிணி?" என்றார் தயங்கி. "வர்றோம்னு சொல்லியாச்சு. பாத்துப்போட்டாச்சு போறோம்."

போனை வைக்க மறந்துவிட்டார். பின்னால் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது: "தான் ஒருத்தி மட்டும் மேல இருக்கோணும்னு நெனைக்குதாட்ட இருக்குது. நம்ம புள்ள வந்தா அதுக்கென்னவாம்?"

என் முகம் அந்தக் கல்லூரிக்காகப் பேசுகிறது. நான் பேசினால் பொறாமை.

செகந்திராபாத் ரயில் நிலையத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டேன். மாமா தண்ணீர்க் குடத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தார். கவி ஒல்லி, பார்வையை யாருக்காகவும் தாழ்த்தாத பெண். ஆட்டோவில் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். "நான் சொல்றத நம்ப வேண்டாம். எங்கப்பாவும் நானும் அன்னிக்குக் கேக்காம விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. நீ கேளு." கேள்வியைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கல்லூரி வாசலில் அதே விமானம், புது வெள்ளை பூசி. பக்கத்தில் தூணில் அதே என் படம். சுகந்தி அக்கா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"வாங்ணா, வாங்க. ஊர்ல மழ உண்டுங்களா?"

மாமாவின் தோள் இறங்கியது. அப்பாவுக்கு இறங்கியது போலவே.

தண்ணீர் வந்தது. பிறகு கவியைக் காட்டி, "பிளேன் ஓட்டற புள்ளைக்கு மாப்ள பாக்கறது செரமமுங்ணா. மேல ஏறிப் போயித்தான் தேடோணும்," என்றார். மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் ஆறு வருடங்களாக எங்கள் சொத்தாக வைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகும், அன்று அப்பாவைச் சிரிக்க வைத்தது மட்டுமாவது நிஜம் என்று வைத்திருந்தேன்.

மாமா விடுதியைப் பற்றிக் கேட்டார். சோற்றைப் பற்றிக் கேட்டார். அக்கா பதில் சொல்லிவிட்டு, என்னைக் கைகாட்டி, "இத பாருங்ணா, இங்க படிச்சுத்தான் இன்னிக்கு ஏர்போர்ட்டுல வேல பாக்குது. பொட்டப்புள்ளைக்கு இதுக்கு மேல என்னங் வேணும்?" என்றார். மாமா தலையாட்டினார். என் தோல்வியும் அவர்கள் கணக்கில் ஒரு வெற்றி.

கவி வெளியே தெரிந்த விமானத்தைப் பார்த்தபடி கேட்டாள். "ஏனுங்க்கா, அது பறக்குமுங்களா?"

அக்கா கவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டையின் நாடாவைச் சரிசெய்தார். பிறகு, "ஆக்சுவலி, திஸ் இஸ் எ டிஸ்ப்ளே ஏர்கிராஃப்ட். ஃப்ளையிங் வில் பி அரேஞ்ச்ட் லேட்டர், சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி," என்றார்.

அந்த அறையில் அவர் எங்கள் ஆட்களிடம் ஆங்கிலம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க அம்மிணி?"

"நீங்களே தமிழ்ல சொல்லுங்க்கா," என்றேன்.

அவர் தண்ணீர் டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கவி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

போகும்போது, தூணில் இருக்கும் படத்தையும் ஊரில் இருக்கும் பலகையையும் எடுத்துவிடச் சொன்னேன். "சொல்லிப் பாக்கறேன்," என்றார் அக்கா, டம்ளர்களைப் பார்த்தபடி. மித்ராவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மெட்ரோவில் மாமா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அமீர்பேட்டை நெருங்கும்போது, "நம்ம பேச்சுத்தான அம்மிணி பேசுனாங்க," என்றார். யாரிடமாவது ஆமாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவர் குரல்.

"ஆமாங்க மாமா," என்றேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போனோம். பயிற்சியாளர் உட்காரச் சொல்லவில்லை. முதலில் மெடிக்கல் என்றார். கவி அதற்குப் பதிந்துவிட்டாள். தேறுவாளா, தேறினால் மாமாவால் முடியுமா என்பதெல்லாம் இனிமேல்தான். ஆனால் கொட்டகையில் ஒரு விமானத்தை இயக்கிப் பார்த்தார்கள். அதன் சத்தத்தில் நாங்கள் மூவரும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் நின்றோம்.

8

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. முன்பே சொல்லியிருந்தேன், அங்கே பறக்க விடவில்லை, வேறு இடத்தில் கற்கிறேன் என்று. அவர் அதை ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதாக எடுத்துக்கொண்டார். இந்த முறை பலகையில் எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்துச் சொன்னேன். மூடிக்குள் பார்த்ததையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ரிக் கொட்டடியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அந்தப் படத்துல இருக்கறது நீ இல்லியா கண்ணு?"

"நாந்தானப்பா. தொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது."

"எல்லாத்துக்கும் காட்டிப்போட்டேனே," என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க என்னை அழைக்கவில்லை.

பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் பேருந்து நிலையம் பக்கம் போனால், அதன் கீழே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிற்பதையும் பார்க்கலாம். அம்மாதான் போனில் சொன்னாள். ரிக்குக்கு வேலையில்லாத நாளெல்லாம் அப்பா அங்கே போய்விடுகிறாராம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாராவது அண்ணாந்து பார்த்தால் பக்கத்தில் போய் நிற்கிறாராம்.

"போயி என்னம்மா பண்றாரு?" என்று கேட்டேன்.

"என்ன பண்றாரு? ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டு நிக்கறாரு," என்றாள் அம்மா. "'படத்துல இருக்கறது என்ற புள்ளதானுங். நல்லாப் படிச்ச புள்ள. அந்தப் பிளேன்லதான் எஞ்சின் இல்லீங்'ன்னு."